ஒரே பெயர், ஒரே கோப்பா?

எமது தமிழ் இலக்கிய மன்றத்துக்கென்று ஒரு வெளிவாரி வன்தட்டு உண்டு. கொள்ளளவு ஒரு ரெராபைற்று என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. கணினியில் பொருத்தினால் 931 கிகாபைற்று என்றே காட்டும். மிகுதி 69 ஐயும் கடைக்காரர் வைத்துக்கொண்டாரோ என்று ஒரு மாணவி கேட்டாள். பாவம், அவர்மீது குற்றமில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குச் சொல்கிறார். விண்டோஸ் பணிசெயல் முறைமை 1,024 ஆல் வகுத்துக் கணக்குச் சொல்கிறது. ஓர் இலட்சம் கோடி பைற்றுகளை 1,024 ஆல் மூன்று தடவை வகுத்துப் பாருங்கள், 931 சொச்சம் வரும்.

அந்த 931 உம் சென்ற ஆண்டு நிரம்பிவிட்டது. இல்ல விளையாட்டுப் போட்டியின் காணொளியைச் சேமிக்க இடமில்லை. உள்ளே திறந்து பார்த்தேன். "சஞ்சிகை இறுதி", "சஞ்சிகை இறுதி 2", "சஞ்சிகை உண்மையான இறுதி", "மிஸ் திருத்தியது", "மிஸ் திருத்தியது கொப்பி" என்று கோப்புறைகள். ஒரே கட்டுரை ஆறு இடங்களில், ஒரே படம் ஒன்பது இடங்களில். பெயரைக் கொண்டு தேடி, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை அழித்தேன். குப்பைக் கூடைக்குப் போனாலும் அது அதே தட்டில்தான் இடம் பிடிக்கும் என்பதால், ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தி நிரந்தரமாகவே அழித்தேன். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. கிடைத்த இடத்தில் 40 கிகாபைற்றுக் காணொளியை ஏற்றிவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. உயர்தர மாணவி ஒருத்தி தன் மூத்தம்மாவைக் கொண்டு நாட்டார் கவி பாடவைத்து, போனில் பதிந்து மன்றத்துக்குத் தந்திருந்தாள். அந்தப் பதிவின் பெயர் "வொய்ஸ் 001". பேச்சுப் போட்டிக்கு இன்னொரு மாணவி ஒத்திகை பார்த்த பதிவின் பெயரும் "வொய்ஸ் 001". ஒத்திகை பத்திரமாக இருந்தது. மூத்தம்மாவின் குரல் இல்லை. மன்றத்தில் இருக்கிறதுதானே என்ற நம்பிக்கையில் அவள் தன் போனில் இருந்ததை அழித்திருந்தாள். இதற்கிடையில் மூத்தம்மாவும் வபாத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அதுவே. கணினி பாடத்தில் இதை யாரும் தனியாகக் கற்பிப்பதில்லை. ஆனால் உங்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒரு வன்தட்டோ, பென் டிரைவோ இப்படி நிரம்பிக்கொண்டிருக்கிறது.

முதலில், நான் செய்த தவறு எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். பெயர் என்பது கோப்பின்மீது ஒட்டிய சீட்டு. உள்ளடக்கத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண் இடுகின்றன. 0001 இல் தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001 இற்கு வந்துவிடும். அப்படியானால் ஒரே கமராவிலேயே, ஒரே பெயரில், முற்றிலும் வேறான இரண்டு படங்கள் காலப்போக்கில் பிறக்கும். இரண்டு கமரா இருந்தால் சொல்லவே வேண்டாம். மாணவியர் அனுப்பும் ஆக்கங்களோ இன்னும் மோசம்: "சிறுகதை" என்ற பெயரில் மட்டும் எனக்குப் பதினொரு கோப்புகள் வந்திருக்கின்றன. மறுபுறம், ஒரே படம் "கொப்பி" என்றும், பெயருக்குப் பின்னால் 1, 2 என்றும் வால் முளைத்து வெவ்வேறு பெயர்களில் உலாவும். ஆகவே பெயர் ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்று என்பதும் பிழை, பெயர் வேறானால் கோப்பும் வேறு என்பதும் பிழை.

உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். எப்படி? 20,000 கோப்புகள் உள்ள தட்டில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுவதானால், 20,000 ஐ 19,999 ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். இணைந்த கணிதம் கற்கும் மாணவியருக்கு இந்தக் கணக்குப் பழக்கமானது. விடை ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடுகள். கணினிக்கும் அது அதிகம். ஆகவே நல்ல மென்பொருள் முதலில் கோப்புகளின் அளவைப் பார்க்கிறது. 3,14,205 பைற்று உள்ள கோப்பு 3,14,206 பைற்று உள்ள கோப்புக்கு இரட்டையாக இருக்கவே முடியாது. திறந்து பார்க்கத் தேவையில்லை. அளவு ஒத்தவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் பெறுமானம் ஒன்றைக் கணிக்கிறது.

ஹாஷ் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள எமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் உண்டு. அறபு எழுத்துகளுக்கு எண் பெறுமானம் கொடுக்கும் அப்ஜத் முறையில், பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் நான்கு சொற்களும் முறையே 102, 66, 329, 289 ஆகின்றன, கூட்டினால் 786. பிஸ்மியை எழுதுவதற்குப் பதிலாக 786 என்று எழுதலாமா என்ற விவாதம் இங்கே வேண்டாம், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு நீண்ட வாசகம் ஒரு சிறிய எண்ணாகச் சுருங்குகிறது. இதே வாசகத்தை யார் கணக்கிட்டாலும் 786 தான் வரும். ஆனால் எண்ணைக் கொண்டு வாசகத்தைத் திரும்பப் பெற முடியாது. எழுத்துகளை இடம் மாற்றினாலும் அதே 786 வரும், வேறு எத்தனையோ சொற்கூட்டங்களுக்கும் அதே எண் வரக்கூடும். வேறான இரண்டுக்கு ஒரே எண் வருவதை மோதல் என்பார்கள்.

கணினியின் ஹாஷ் முறைகளும் சுருக்குகின்றன. ஆனால் வெறுமனே கூட்டுவதில்லை; ஒரு பிற்று மாறினாலும் விடை முழுவதும் மாறும்படி கலக்கிப் பிசைகின்றன. எம்டி5 என்ற பழைய முறை 1992 இல் வெளியிடப்பட்டது. 2004 இல் வாங் சியாஒயுன் என்ற சீனப் பெண் கணிதவியலாளரும் அவருடைய குழுவினரும் அதில் மோதலை உண்டாக்கிக் காட்டினார்கள். அவரது பெயரை நம் மாணவியர் நினைவில் வைத்திருக்கலாம். எம்டி5 இற்குப் பின் வந்த எஸ்எச்ஏ-256 முறையில் இன்றுவரை யாரும் மோதல் கண்டதில்லை. அதில் கிடைக்கக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கம் வரும். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து, கெட்-பைல்ஹாஷ் என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் 64 குறியீடுகள் கொண்ட பெறுமானம் கிடைக்கும். இரண்டு "வொய்ஸ் 001" இற்கும் நான் அதைச் செய்திருந்தால் அரை நிமிடம் கூடச் சென்றிராது.

ஹாஷ் ஒத்துவந்தால் கோப்புகள் ஒன்றே என்று நம்பலாம். ஒத்துவராவிட்டால்? இங்கேதான் விடயம் சுவையாகிறது, தமிழில் வேலை செய்யும் எமக்கு மேலும் சுவையாகிறது. நோட்பாட்டில் "கொழும்பு" என்று ஒரே சொல்லை எழுதிச் சேமியுங்கள். யுனிகோட்டில், யூடிஎப்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று. க், ழ், ம், ப் என்ற மெய்களுக்கான எழுத்துகள் நான்கு, உயிர்க்குறிகள் மூன்று, ஒரு புள்ளி: ஆக எட்டுக் குறி, 24 பைற்று. ஆனால் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். இரண்டாவது வழியில் ஒன்பது குறி, 27 பைற்று. திரையில் இரண்டும் ஒரே "கொழும்பு". கண்ணுக்கு வேறுபாடே இல்லை. கணினிக்கோ இரண்டும் வேறு. விண்டோஸில் ஒரே கோப்புறைக்குள் இப்படி இரண்டு "கொழும்பு" அருகருகே இருக்கக்கூடும். நானே கண்டு திகைத்திருக்கிறேன். பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும்போது இவ்வாறு நேரும்.

வேர்ட் கோப்புகளும் அப்படித்தான். ஒரு கட்டுரையைத் திறந்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி சேமித்தாலே உள்ளே கடைசியாகச் சேமித்த நேரம் மாறிவிடும், ஹாஷும் மாறிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மறுமுனையில் சுருக்கப்பட்டே போய்ச் சேரும். அதனால் மூலப்படமும் குழுவில் வந்த படமும் ஒரே காட்சியாக இருந்தும் கோப்பு வேறு. அவற்றில் எதை வைத்திருப்பது என்பதற்கு விதி எளிது: பெரியதை. அச்சுக்குக் கொடுத்தால் சிறியது கஞ்சித்தண்ணீர் ஊற்றியதுபோல மங்கும். என்றாலும் மூலப்படம் எவரிடமும் இல்லாதபோது அந்தச் சிறியதே மூலம் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆனால் எழுத்துப் பிரதிகளுக்கு இப்படிப்பட்ட எளிய விதி கிடையாது. அதை அந்தக் கவிகளே எனக்குக் கற்பித்தன.

குரல் போன பிறகு, கவிகளின் எழுத்து வடிவமாவது இருக்கிறதா என்று தேடினோம். இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒன்று அம்மாணவி வீட்டில் இருந்து, பதிவைக் கேட்டுக் கேட்டுப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டது. மற்றது சஞ்சிகைக் குழு அதை யுனிகோட்டுக்கு மாற்றிச் செம்மைப்படுத்தியது. மென்பொருள் இவற்றை இரட்டையாகக் காட்டவில்லை. பாமினியில் உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கான குறிகள், எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே பைற்றளவில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. "மிஸ், ரெண்டும் ஒண்டுதான், பழசை அழிச்சிருவமா?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். சூடு கண்ட பூனையாகிய நான் இரண்டையும் அச்செடுத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன்.

யுனிகோட் பிரதியில் யாரோ ஒரு கெட்டிக்காரி எல்லாவற்றையும் "திருத்தி" இருந்தாள். "வாறன்" என்பது "வருகிறேன்" ஆகியிருந்தது. "இரிக்கி" என்பது "இருக்கிறது" ஆகியிருந்தது. "என்னகா" என்ற அழகான விளி "என்ன அக்கா" ஆகி, தோழியை அக்காவாக்கிவிட்டது. கவி என்பது ஓசையில் நிற்பது. வாறன் நின்ற இடத்தில் வருகிறேன் வந்து உட்கார்ந்தால் அடி நொண்டும். நொண்டியிருந்தது. மூத்தம்மாவின் வாய்மொழி எஞ்சியிருந்தது பழசு என்று அழிக்கப்படவிருந்த அந்தப் பாமினிக் கோப்பில் மட்டுமே.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரு நூலுக்குக் கிடைத்த பல பிரதிகளைத் தேடித் திரட்டியது, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிவதற்காக அல்ல. பிரதிக்குப் பிரதி மாறும் பாடபேதத்தில்தான் சரியான பாடம் எது என்ற தடயம் இருந்தது. ஸஹீஹுல் புகாரியில் மீட்டல்கள் உட்பட 7,500 இற்கும் மேற்பட்ட அறிவிப்புகள் உள்ளன. மீட்டல்களை நீக்கி எண்ணினால் ஏறத்தாழ 2,600 என்பர். ஒரே ஹதீஸ் வேறு தலைப்பின் கீழ், வேறு அறிவிப்பாளர் வரிசையோடு வரும்போது அது வேறொன்றைக் கற்பிக்கிறது என்பதாலேயே இமாம் அவர்கள் அதை மீட்டினார்கள். மென்பொருளிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இனி, இரட்டைப்பிரதிகள் ஏன் இவ்வளவு சேர்கின்றன என்பதற்கு வருவோம். சோம்பல் ஒரு காரணம். பெரிய காரணம் காப்பெடுக்கும் முறை. ஆண்டுதோறும் புதிய குழு வந்து, நூலகக் கணினியிலுள்ள "மன்றம்" கோப்புறையை முழுதாகத் தட்டுக்குப் பிரதி செய்து அந்த ஆண்டின் பெயரை வைக்கிறது. முதலாம் ஆண்டில் 40 கிகாபைற்று, ஆண்டுக்கு 15 கூடுகிறது என்று வையுங்கள். தட்டில் ஏறுவது 40, 55, 70, 85, 100, 115, 130. ஏழு ஆண்டில் 595. உண்மையில் உள்ள பொருளோ 130 தான்! மாறியவற்றை மட்டும் பிரதி செய்யும் கருவிகள் இதற்கென்றே உள்ளன. விண்டோஸில் ரோபோகொப்பி என்ற கட்டளை கூடவே வருகிறது. லினக்ஸில் ஆர்சிங்க், 1996 முதல் இருப்பது. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ரோபோகொப்பியில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் தெரிவு ஒன்று உண்டு. மூலத்தில் இல்லாதது எதுவோ அதைத் தட்டிலும் அழித்துவிடும். மூலத்தில் கைதவறி அழித்தவள், காப்புப்பிரதியையும் தன் கையாலேயே அழித்தவளாவாள்.

சில காப்பு மென்பொருள்கள் காட்டும் இரட்டைகள் இரட்டைகளே அல்ல. தட்டில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று கோப்புறைகளில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருப்பார்கள். ஒன்றை அழித்தாலும் இடம் மீளாது. காப்பின் ஒழுங்குதான் குலையும். ஆகவே காப்பு மென்பொருள் தானாக அமைத்த கோப்புறைகளுக்குள் கை வைக்காதீர்கள். அதேபோல, பக்க வடிவமைப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறையிலுள்ள படங்களையும் தொடாதீர்கள். இன்டிசைன் போன்ற மென்பொருள் படத்தை உள்ளே விழுங்கிக்கொள்வதில்லை. இன்ன இடத்தில் இன்ன பெயரில் இருக்கிறது என்று குறித்து மட்டும் வைத்திருக்கும். "வேறிடத்திலும் இருக்கிறதே" என்று அதை அழித்தால், அச்சகத்தில் படம் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலான நிழல்தான் விழும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஒரே தட்டில் ஒன்பது பிரதி இருந்தாலும் காப்பு என்ற கணக்கில் அது ஒன்றுதான். தட்டு கீழே விழுந்தால் ஒன்பதும் சேர்ந்தே விழும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் நூல்களும் அதோடு போயின. 2004 டிசம்பர் 26 அன்று கிழக்குக் கரையில் வீட்டோடு கல்யாண அல்பங்களும் கடலுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருந்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறோர் இடத்தில் என்று ஒரு முறை சொல்வார்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் அதைப் பரப்பினார். அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் அழிப்பது இதே தட்டிலுள்ள மிகையையா, வேறு தட்டிலுள்ள காப்பையா?

இந்த ஆண்டு நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் இன்னொரு தட்டு வாங்கி, குப்பை கூளத்தோடு முழுவதையும் அப்படியே அதற்குப் பிரதி செய்து, பாடசாலைக்கு வெளியே ஒரு வீட்டு அலுமாரியில் வைத்தோம். பிறகு டூப்குரு என்ற இலவச மென்பொருளை இட்டோம். அதில் ஒரு கோப்புறையை "மூலம்" என்று குறித்துவிட்டால் அதற்குள் இருக்கும் எதையும் அது அழிக்க விடாது. அந்தந்த ஆண்டு முதன்முதலில் சேமித்த கோப்புறைகளை அப்படிக் குறித்தோம். பெயரைக் கொண்டு அல்ல, உள்ளடக்கத்தைக் கொண்டு தேடச் சொன்னோம். பெரிய கோப்புகளிலிருந்து தொடங்கினோம். பத்துக் காணொளிகளை நீக்கினால் ஆயிரம் கட்டுரைகளை நீக்கிய இடம் கிடைக்கும், கட்டுரைகளில் கை வைக்கத் தேவையே வராமலும் போகலாம். கண்டவற்றை உடனே அழிக்காமல் "சந்தேகம்" என்ற ஒரு கோப்புறைக்கு நகர்த்தினோம். அதில் இடம் மிச்சமாகாதுதான். ஒரு தவணை முழுக்க யாரும் எதையும் காணோம் என்று தேடி வராவிட்டால் மட்டும் அழிப்பது என்று முடிவு.

கைதவறி அழித்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லவேண்டும். காந்தத் தட்டில் அழித்தல் என்பது, இந்த இடம் இனிக் காலி என்று பதிவேட்டில் குறிப்பதுதான். பொருள் அங்கேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்றை எழுதாதவரை மீட்கும் மென்பொருள் கொண்டு எடுக்கலாம். ஆகவே உடனே தட்டைக் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை, காலியென்று குறித்த இடத்தை அவை தாமாகவே துடைத்துவிடும். எங்கள் தட்டு காந்தத் தட்டுதான். மீட்கும் மென்பொருள் "வொய்ஸ் 001" என்ற பெயரைக் கண்டுபிடித்தும் தந்தது. திறந்தால் உள்ளே இருந்தது விளையாட்டுப் போட்டிக் காணொளியின் ஒரு துண்டு. 40 கிகாபைற்றை நான்தானே அதன்மேல் ஏற்றியிருந்தேன்.

கவிகள் இந்த இதழில் பாமினிப் பிரதியில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளிவருகின்றன. யுனிகோட் பிரதியையும் அழிக்கவில்லை; எதை எப்படித் திருத்தக்கூடாது என்று அடுத்த குழுவுக்குக் காட்ட அது வேண்டும். அந்த ஒலிப்பதிவை மன்றக் கூட்டமொன்றில் ஒரு தடவை ஒலிபரப்பினோம். அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் யாராவது தம் போனிலோ, வீட்டாரின் போனிலோ அதைப் பதிந்திருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து தாருங்கள். இரைச்சல் இருந்தாலும், பாதியில் நின்றிருந்தாலும், பெயர் மறுபடி "வொய்ஸ் 001" ஆகவே இருந்தாலும் பரவாயில்லை.